இருநூற்று நாற்பதும் உயிரோடு

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் செடிகளை எண்ணுவேன். முப்பத்திரண்டு பாத்தி, பாத்திக்கு அறுபது மிளகாய்ச் செடி. ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் ஒரு குச்சி, குச்சியில் ரகத்தின் எண் எழுதிய தகரம். மொத்தம் எட்டு ரகம். ஒவ்வொரு ரகமும் வயலில் நாலு இடத்தில் பிரிந்து கிடக்கும். நல்ல மண் உள்ள மூலை ஒரே ரகத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக அப்படி. நான் வரப்பில் நடந்து, உயிரோடு நிற்பதை எண்ணிச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சிப் பண்ணையின் ஆய்வாளர் எழுதிக்கொள்வார்.

"ஒண்ணு?"

"நாப்பத்தி ரெண்டு."

"நாலு?"

"முப்பத்தி ஒம்பது."

"ஏழு?"

"அறுபது."

ஏழு என்று கேட்கும்போது மட்டும் அவர் குரல் தணியும். அறுபது என்றதும் தொப்பிக்குக் கீழே முகம் மலரும். பரீட்சையில் முழு மார்க் வாங்கிய பிள்ளையின் அம்மாவைப் போல இருக்கும் அந்த முகம். ஏழாம் ரகம் அவரே உண்டாக்கியது. ஒன்பது வருஷம் பூவுக்குப் பூ மகரந்தம் மாற்றி, விதை எடுத்து, மறுபடி நட்டு, மறுபடி எடுத்து வந்தது. வயலில் வேலை செய்யும் பெண்கள் அவரைத் தொப்பி அம்மா என்பார்கள். முகத்துக்கு நேரே மேடம்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற மறுமாதமே அம்மாவோடு இந்த ஆராய்ச்சிப் பண்ணைக்கு வேலைக்கு வந்துவிட்டேன். எனக்குப் பேச வராது என்றில்லை. யாராவது கேட்டால் பதில் சொல்வேன். எண்ணுகிற வேலை எனக்குக் கிடைத்ததே அதனால்தான். "இது எண்ணும்போது நடுவுல கதை பேசாது" என்று மேற்பார்வையாளர் சொன்னார். அவர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அவர் பெயரே விசில்தான்.

நாங்கள் வேலை செய்த வயல் ஒரு நோய் வயல். அந்த மண்ணில் வாடல் நோய் இருந்தது. இருந்தது என்பது கூடச் சரியில்லை, வேண்டுமென்றே வளர்த்து வைத்திருந்தார்கள். நோயில் செத்த செடிகளை நறுக்கி, பல வருஷமாக அதே மண்ணில் புதைத்து வந்திருக்கிறார்கள். காலையில் பச்சையாக நிற்கும் செடி மத்தியானம் வெந்நீர் ஊற்றியது போலத் தொங்கும். மூன்றாம் நாள் அவ்வளவுதான். வயலை விட்டு வெளியே வரும்போது வாசலில் உள்ள தொட்டியில், பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் கால் கழுவ வேண்டும். மண் ஒரு துளி வெளியே போகக் கூடாது.

எங்களோடு களையெடுக்க வரும் ரேடியோ அக்கா அந்தத் தொட்டியில் காலை வைக்கும்போதெல்லாம் சொல்வார், "விஷத்தைக் குடுத்துட்டு, வாராவாரம் வந்து உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிக்கிற வேலை இது. நம்ம மாமியாருங்க தேவல."

அம்மா சிரிக்க மாட்டாள். அம்மாவுக்கு அந்த வயலே பிடிக்கவில்லை. அதற்கு முன் பத்து வருஷம் பக்கத்தில் இருந்த விதை வயலில் வேலை பார்த்தவள். அங்கே வரிசையில் ஒரு செடி குறைந்தாலும் விசில் ஊதிவிடுவார். "என்னம்மா இது, பல்லு போன வாய் மாதிரி? நிரப்பு, நிரப்பு!" செத்த இடத்தில் அன்றைக்கே மாற்று நாற்று வைத்தாக வேண்டும். பத்து வருஷம் அப்படியே பழகிய கை. போகிற வழியில் யாருடைய வயலிலாவது வரிசை நடுவே காலி இடம் தெரிந்தால் கூட அம்மாவின் விரல்கள் தானாக அசையும். அம்மா வைத்த நாற்று மறுநாளே தலை தூக்கும் என்று பண்ணையில் பேச்சு உண்டு. ராசிக் கை என்பார்கள்.

விதை வயலை மூடிவிட்டு எங்களை நோய் வயலுக்கு மாற்றியபோது, கால் கழுவச் சொன்னார்கள், குச்சியைப் பிடுங்காதே என்றார்கள், மருந்து அடிக்காதே என்றார்கள். செத்ததைச் செத்தபடி விடு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

சனிக்கிழமைகளில் களையெடுப்பு. ஆய்வாளர் வயலுக்கு வருவது திங்கட்கிழமை மட்டும்தான். அந்த வாரம் வாடிய செடிகளை அம்மா வேரோடு பிடுங்கி எரிக்கும் குழியில் போடுவாள். மற்ற ஏழு ரகத்துக்கும் மிச்ச நாற்று இல்லை. ஏழாம் ரகத்தின் விதை மட்டும் நன்றாக முளைத்து, இரண்டு தட்டு மிச்சமிருந்தது. தட்டுக்குத் தொண்ணூற்றெட்டுக் குழி, குழிக்கு ஒரு நாற்று.

"மேஸ்திரி, இந்த ரெண்டு தட்டும் சும்மா காயுதே," என்று அம்மா கேட்டாள். விசிலை நேரில் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவாள்.

அவர் போனில் இருந்தார். "காயறதுக்குப் பதிலா எங்கயாவது வச்சு விடும்மா. எல்லாத்தையும் என்கிட்டதான் கேட்கணுமா?"

அம்மா வைத்தாள். எங்கேயாவது அல்ல. ஏழாம் ரகத்தின் பாத்திகளில் மட்டும், ஏழாம் ரகம் செத்த குழிகளில் மட்டும். மண்வெட்டியைத் துடைத்து, தகரத்தில் உள்ள எண்ணை என்னைப் படிக்கச் சொல்லி, இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். "ரகம் மாறிடப் போகுதுடி. அப்புறம் அந்தம்மா கணக்குல மண்ணு விழும்." சின்ன நாற்று பெரிய செடிகளுக்கு நடுவே சவலைப் பிள்ளை போல நிற்கக் கூடாது என்று, தலைக்கு ஒரு குவளை சாணிக் கரைசல் ஊற்றச் சொல்வாள். நான்தான் ஊற்றினேன்.

அதில் பாசமும் இருந்தது. போன வருஷம் அம்மாவின் காலில் அரிவாள் இறங்கியபோது, தொப்பி அம்மா தன் சால்வையைக் கிழித்துக் கட்டி, தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். இருக்கையில் ரத்தம் படிந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஏழு என் பொண்ணு மாதிரி அக்கா" என்று அவர் ஒருமுறை சொன்னது அம்மாவின் மனதில் அப்படியே தங்கிவிட்டது. ஏழாம் ரகப் பாத்தியில் ஒரு செடி தொங்கினாலும், "ஐயோ, அந்தம்மா பார்த்தா வருத்தப்படும்" என்பாள்.

திங்கட்கிழமை நான் எண்ணினால் அறுபது இருக்கும். நான் பொய் சொல்லவில்லை. அறுபதுதான் நின்றது. ஒரு தடவை ஆய்வாளர் குனிந்து பார்த்து, "இது மட்டும் ஏன் குட்டையா இருக்கு?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா தன்னிடமே கேட்டுக்கொண்டாரா என்று தெரியாததால் நான் வாயைத் திறக்கவில்லை. தாளின் ஓரத்தில், வளர்ச்சி சீராக இல்லை என்று எழுதிக்கொண்டார்.

பழம் சிவந்த பிறகு ஒரு நாள் விவசாயிகளை அழைத்து வயலைக் காட்டினார்கள். தார்ப்பாய் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி வைத்தார்கள். ரேடியோ அக்கா, "இதுக்கு எதுக்கு மைக்? நானே போதுமே" என்றார். எனக்குத் தண்ணீர் டம்ளர்களைத் தட்டில் வைத்து நீட்டும் வேலை.

வந்தவர்களில் என் மாமாவும் இருந்தார், அம்மாவின் தம்பி. இரண்டு போகமாக அவர் வயலில் மிளகாய் நிற்கவில்லை. இதே வாடல். இரண்டாவது முறை செடி தொங்கிய வாரத்தில் அத்தை துணியைப் பையில் போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. "வயல்ல ஏதாவது நின்னா சொல்லி அனுப்பு, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாமா அதையும் சிரிப்பாக்குவார். "என் வீட்டுல மிளகாயும் நிக்கல, பொண்டாட்டியும் நிக்கல. மண்ணுலதான் ஏதோ கோளாறு."

ஆய்வாளர் ஒலிபெருக்கியைப் பிடித்துப் பேசினார். அன்றைக்குத் தொப்பி இல்லை. நெற்றியில் தொப்பி மறைத்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

"நாங்க வாராவாரம் எண்ணினது செத்ததைத்தான். ஒண்ணாம் நம்பர், நீங்க எல்லாரும் போடற பழைய ரகம். இருநூத்தி நாப்பது நட்டோம். நூத்தி அம்பத்தி மூணு செத்துப்போச்சு. ஏழாம் நம்பரும் இருநூத்தி நாப்பதுதான். இதே மண்ணு, இதே தண்ணி. ஒண்ணு கூடச் சாகல."

கை தட்டினார்கள். மாமா எழுந்து நின்று தட்டினார். என் கையில் தட்டு சாய்ந்து இரண்டு டம்ளர் கீழே விழுந்தது. அவ்வளவு நாளும் உயிரோடு இருப்பதைத்தான் எண்ணுகிறோம் என்று நான் நினைத்திருந்தேன். அறுபதில் நான் சொன்ன எண்ணைக் கழித்து, மிச்சத்தைத்தான் அவர் கணக்கில் எடுத்திருக்கிறார். அந்த மிச்சத்தைத்தான் நாங்கள் சனிக்கிழமை சனிக்கிழமையாகக் குழியில் போட்டு எரித்திருக்கிறோம்.

"என்ன மருமகளே, சந்தோஷத்துல தட்டும் நிக்கலையா?" என்று மாமா டம்ளரைப் பொறுக்கிக் கொடுத்தார். முதலில் வெளி வயலில் நடப்போவது அவர்தான் என்று முடிவாகியிருந்தது. அவருடைய மண்ணைப் போல நோய் ஏறிய மண் அந்தப் பக்கத்தில் வேறு யாருக்கும் இல்லை. நாற்று மேடையில் முப்பத்தேழு தட்டு தயாராக நின்றது. வெள்ளிக்கிழமை ஏற்ற வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, நம்ம ஏழுல செத்த இடத்துல வேற வச்சோமே, அது தப்பு."

"எது தப்பு? ரகம் மாறிப்போச்சா?" கத்தி நின்றது. "நீ சரியாத்தானே படிச்சே?"

"ரகம் மாறல. வைக்கவே கூடாதாம். எத்தனை சாகுதுன்னு பார்க்கத்தான் நட்டாங்களாம்."

அம்மா என்னையே பார்த்தாள். "செத்த இடத்துல இன்னொண்ணு வைக்காம இருக்கறது ஒரு வேலையா? அதுக்கு எதுக்கு ஆளு?"

நான் எனக்குத் தெரிந்த மாதிரி விளக்கினேன். நான் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பேசியது அன்றைக்குத்தான் இருக்கும். அம்மா மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். ஒரு வெங்காயம் முழுவதும் அரிந்த பிறகுதான் விஷயம் அவளுக்குள் இறங்கியது. கத்தியை வைத்துவிட்டு, "தம்பி அதையா நடப்போறான்?" என்றாள்.

"ஆமா."

"முழு வயலுமா?"

"முழு வயலும்."

மறுநாள் காலை வேலை தொடங்கும் முன்பே அம்மா ஆய்வாளரின் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். நீளமான மேசை, மேசை முழுக்க எண் போட்ட காகிதப் பைகளில் விதை, ஜன்னல் ஓரத்தில் கழுவிக் கவிழ்த்த கண்ணாடிக் குவளைகள். ஆய்வாளர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையால் உள்ளே கூப்பிட்டு, போனை வைத்துவிட்டு, அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நல்ல நேரத்துல வந்தீங்க. என்னை நிரந்தரம் பண்ணிட்டாங்க. ஒம்பது வருஷமா வருஷா வருஷம் காகிதத்தை நீட்டிட்டு நின்னேன். இனிமே அது இல்ல. ஏழுதான் காரணம்." அவர் கண் நிறைந்திருந்தது. "உங்க கையும் ஒரு காரணம். அந்தப் பாத்தியை எப்படிச் சுத்தமா வச்சிருந்தீங்க!"

அம்மாவின் வாய் திறந்தது. நான் பார்த்தேன். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம் ஆய்வாளர் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். அம்மா ஒன்றை எடுத்துக்கொண்டாள். திரும்பி வரும் வழியில் அதைச் சாப்பிடவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

"நாளைக்குச் சொல்றேன்," என்றாள்.

நாளைக்கும் சொல்லவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் மாமாவின் வீட்டுக்குப் போனாள். மாமா வரப்பை வெட்டிச் சீராக்கிவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்த நாத்து வேணாம்டா."

"ஏன்க்கா?"

"எனக்கு மனசு சரியில்ல."

"உனக்கு எப்ப சரியா இருந்திருக்கு? என் கல்யாணத்தப்பவும் இதையேதான் சொன்னே."

"அது மாதிரி இல்லடா. இந்த ஒரு போகம் வேற ஏதாவது போடு."

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "இருநூத்தி நாப்பதுல ஒண்ணு சாகலக்கா. என் காதால கேட்டேன். நோய் மண்ணுல சாகாதது என் மண்ணுல சாகுமா?" பிறகு சிரிப்பை விட்டார். "அவளுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். செடி பூ வச்சதும் வர்றேன்னிருக்கா."

அப்போதாவது அம்மா சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். நான் வாசல் படியில் உட்கார்ந்து, என் செருப்பின் அறுந்த வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் அந்தம்மாவின் வேலை போகும், அம்மாவின் வேலையும் போகும். சொல்லாவிட்டால் ஒருவேளை நிற்கலாம். எல்லாமா சாகும் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அம்மாவும் தனக்குள் அப்படித்தான் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள்.

வெள்ளிக்கிழமை முப்பத்தேழு தட்டும் போயின. மூவாயிரத்து அறுநூறு நாற்று. அம்மாவே போய் நட்டாள். ஒவ்வொரு நாற்றையும் மண்ணில் அழுத்தும்போது அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது.

மூன்று வாரம் ஒன்றும் இல்லை. மாமா தினமும் எங்கள் வீட்டு வழியாகப் போகும்போது சைக்கிள் மணியை அடித்து, "நிக்குது!" என்று கத்திவிட்டுப் போவார். நாலாவது வாரம் மணி அடிக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்.

"ஒரு முப்பது நாப்பது தொங்குதுக்கா. தண்ணி கூடிப்போச்சு போல. உன் கையால வச்சாத்தான் சரிவரும், கொஞ்சம் வந்து நிரப்பிக் குடு. நாலஞ்சு தட்டு மிச்சம் வாங்கி வச்சிருக்கேன்."

அம்மா போனாள். சனிக்கிழமை நாற்பது வைத்தாள். அடுத்த சனிக்கிழமை முன்னூறு. மாமா குவளையில் சாணிக் கரைசல் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தார். "கெட்டிக்காரி அக்கா நீ" என்றார். புதிதாக வைத்ததும் தொங்கியது. அதற்கடுத்த வாரம் தட்டில் நாற்று தீர்ந்துவிட்டது. வயலின் நடுவே நின்றால் வரிசை எது, வரப்பு எது என்று தெரியவில்லை.

மாமா பண்ணைக்குப் போய் ஆய்வாளரை அழைத்து வந்தார். அவர் காரை விட்டு இறங்கி வயலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒரு செடியைப் பிடுங்கி, தண்டைச் சாய்வாக வெட்டி, பையிலிருந்து கண்ணாடிக் குவளையை எடுத்து, தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்டை அதில் தொங்கவிட்டார். நாங்கள் நாலு பேரும் குவளையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் வெட்டிய இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு நூல் இறங்கியது. பால் கசிவது போல மெதுவாகத் தண்ணீரில் இறங்கி, அடியில் கலங்கியது.

"அதேதான்," என்றார். "வாடல்தான்." வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "ஆனா அங்க ஒண்ணு கூடச் சாகலையே. முதல்ல கண்ணாடி வீட்டுத் தொட்டியில வச்சுப் பார்த்தப்பவும் தாங்குச்சு, வயல்லயும் தாங்குச்சு. இங்க மட்டும் எப்படி? ஒண்ணு கூட..."

"செத்துச்சு மேடம்," என்றாள் அம்மா.

அவர் நிமிர்ந்தார்.

"அங்கயும் செத்துச்சு. நான்தான் பிடுங்கிட்டு வேற வச்சேன். சனிக்கிழமை சனிக்கிழமை. காலியா இருந்தா நீங்க வருத்தப்படுவீங்கன்னு. அது வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது."

காற்று வந்து தொங்கிய இலைகளை அசைத்தது. ஆய்வாளர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் மிகவும் மெதுவாகக் கேட்டார், "எத்தனை வச்சீங்க?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. விரல்களை விரித்தாள், மடக்கினாள். நான்தான் சொன்னேன். "ரெண்டு தட்டு. நூத்தி தொண்ணூத்தி ஆறு. கடைசில பதினொண்ணு மிச்சம். அப்ப வச்சது நூத்தி எம்பத்தி அஞ்சு."

"ஒரே குழியில ரெண்டு தடவை வச்சீங்களா?"

"சில இடத்துல மூணு தடவை," என்றாள் அம்மா.

அவர் அட்டையை எடுத்து எழுதத் தொடங்கி, நிறுத்திவிட்டார். "அப்ப முதல்ல நட்டதுல எத்தனை தாங்குச்சுன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது." அட்டையில் புதுத் தாளை மேலே எடுத்து வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இங்க எண்ணு."

நான் எண்ணினேன். வரிசை வரிசையாக, தொங்கியதை விட்டு, நிமிர்ந்து நின்றதை மட்டும். சனிக்கிழமைகளில் அம்மா நிரப்பிய சின்னவற்றையும் விட்டு. வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டது. மாமா வரப்பில் நின்றிருந்தார். ஒரு சிரிப்பு, ஒரு கேலி, ஏதாவது அவரிடமிருந்து வரும் என்று எண்ணிக்கொண்டே எதிர்பார்த்தேன்.

"ஆயிரத்தி நாப்பத்தி ரெண்டு," என்றேன்.

ஆய்வாளர் எழுதினார். ஏழாம் ரகத்துக்கு எழுதப்பட்ட முதல் உண்மையான எண் அதுதான். எழுதி முடித்து, அடியில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

மாமா அப்போதுதான் அம்மாவின் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு வீட்டுக்கு வந்தியே, மனசு சரியில்லன்னு. அப்பவே உனக்குத் தெரியுமா?"

அம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"தெரிஞ்சுதான் நட்டுக் குடுத்தியா?"

அதற்கும் தலையை ஆட்டினாள்.

"மூணு வாரமா உன் பின்னாலயே குவளையைத் தூக்கிட்டு நடந்தேன்," என்றார் மாமா. சத்தமே இல்லாமல் சொன்னார். குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினார். அடுத்ததைப் பிடுங்கினார். நிமிர்ந்து நின்றதையும் சேர்த்துப் பிடுங்கினார். ஆய்வாளர், "அதை விடுங்க, தாங்கினது எனக்கு வேணும், விதை எடுக்கணும்" என்று எழுந்து ஓடினார். மாமாவின் காதில் விழவில்லை. அம்மா அந்த இடத்திலேயே நின்றாள். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே ஆய்வாளர் தன் கையால் கடிதம் எழுதி, ஏழாம் ரகத்தை வாபஸ் வாங்கிவிட்டதாக ரேடியோ அக்கா வந்து சொன்னார். நிரந்தரமான வேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அந்த அறையில இப்ப வேற ஆளு உட்கார்ந்திருக்கு. மேசையில விதைப் பை ஒண்ணும் இல்ல" என்றார். வழக்கமாக இதைவிட நீளமாகச் சொல்வார். அம்மாவை இனி வர வேண்டாம் என்று விசில் சொல்லச் சொன்னதையும் அவர்தான் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. என்னை வரலாம் என்றார்களாம். நான் போகவில்லை.

அத்தை வரவில்லை. மாமா வயலை உழுது அப்படியே போட்டுவிட்டார். எங்கள் வீட்டு வழியாகப் போவதை விட்டு, சுற்றுப் பாதையில் போகிறார். சில நாள் காலையில் தூரத்தில் சைக்கிள் போகும் சத்தம் கேட்டால் அம்மா கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு நிற்பாள்.

பண்ணையில் மிச்சமான பதினொரு நாற்றை அம்மா அப்போதே வீட்டுக்குப் பின்னால், குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் நட்டிருந்தாள். நல்ல மண். பதினொன்றும் இடுப்புயரம் வளர்ந்து, கிளை தாங்காமல் காய்த்தன. யாரும் பறிக்கவில்லை. பழம் சிவந்து, சுருங்கி, தானே விழுந்தது.

நேற்று மத்தியானம் துணி உலர்த்தப் போனேன். ஓரத்தில் இருந்த ஒன்று தலை தொங்கி நின்றது. காலையில் பார்த்தபோது நன்றாக இருந்தது. தண்ணீர் ஊற்றினேன். சாயங்காலமும் தொங்கிக்கொண்டே இருந்தது. எங்கள் காலோடு வந்ததா, மண்வெட்டியோடு வந்ததா தெரியாது. தொட்டியில் காலை நனைத்தும் நனைக்காமலும் ஓடி வந்த நாட்கள் எத்தனையோ.

அம்மா வந்து பார்த்தாள். குனிந்து தண்டைப் பிடித்தாள். பிடுங்கப் போகிறாள் என்று நினைத்தேன். கையை எடுத்துக்கொண்டாள். புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அப்படியே இருக்கட்டும்," என்றாள். "ஒண்ணு போச்சு. எழுதிக்கோ."

என்னிடம் அப்போது காகிதம் இல்லை. "பத்து நிக்குது" என்றேன்.

"நின்னதைக் கேட்கல," என்றாள் அம்மா. "போனதை எழுது."